இரண்டு முடிச்சு

ஸ்டான்லியில் டோக்கன் வாங்கி
மூன்று மணி நேரம் நின்று உள்ளே போனால்
எங்கே வலி, எத்தனை நாளாய் என்று
கேட்பார்கள் என நினைத்திருந்தேன்.
கேட்டார்கள்.
பிறகு அந்த டாக்டரம்மா
பேனாவை மூடி வைத்துவிட்டு
'நீங்க வேலை செய்யிற மேசை என்ன உயரம்?' என்றார்.

மேசைக்கு உயரம் என்று ஒன்று
இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை.
அது அங்கே இருந்தது.
ஏழு வருஷமாய் நான் அதன் மேல் குனிந்திருந்தேன்.
அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
கபூர் பாயின் காயில் கட்டும் கடை.
போர் மோட்டார், மாவு மிஷின் மோட்டார்,
ஐஸ் கம்பெனியிலிருந்து உப்பேறி வரும் மோட்டார்,
எல்லாம் எரிந்த வார்னிஷ் நாற்றத்தோடு
கடைசியில் என் முன்னால் வந்து உட்காரும்.
எனக்கு முன்பு அங்கே நின்றவர் வேம்புலி.
என் தோளுக்கு வருவார்.
மேசை அவருக்கு அடித்தது.
ஆள் மாறிய சேதியை
யாரும் மேசையிடம் சொல்லவில்லை.

மறுநாள் இருபத்திமூணாம் கேஜ் கம்பியில்
ஆள் நீளம் வெட்டி
ஒரு முனையைச் செருப்பால் மிதித்துக்கொண்டு
கையை மடக்கி
முழங்கை வருமிடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன்.
மேசையோரம் பிடித்துப் பார்த்தால்
முடிச்சுக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது பலகை.
ஒரு சாண்.
ஏழு வருஷம் முதுகு கட்டிய வட்டி.
அசல் அப்படியே இருக்கிறது.

'கட்டை குடுத்தா மேசை ஆடும், ப்ளோரா.'
'நான் ஆடுறது தெரியலையா பாய்?'
அதற்கு மேல் அவர் பேசவில்லை.
காசிமேட்டில் பழைய போட் பிரிக்கும் இடத்திலிருந்து
டீசல் குடித்துக் கறுத்த கட்டைகள்
ஆட்டோவில் வந்து இறங்கின.
காலுக்கு ஒன்று.

இரண்டு நாள் ராணி மாதிரி சுற்றினேன்.
மூன்றாம் நாள் பேரிங் கழற்றச் சுத்தியலைத் தூக்கியபோது
தோள்பட்டை கூப்பாடு போட்டது.
அடிக்கிற வேலைக்குப்
பழைய மேசைதான் சரி.
பாவம், அதைக் கண்டபடி திட்டியிருக்க வேண்டாம்.

கம்பியில் கீழே இன்னொரு முடிச்சு.
மேசையைத் திரும்ப இறக்கி
அந்தக் கட்டைகளின் மேலேயே பலகை அடித்து
பாதி மேசைக்கு மட்டும் ஒரு மாடி.
ஸ்லாட்டில் காகிதம் செருகுவது, கம்பி சுற்றுவது மாடியில்.
கழற்றுவது, தட்டுவது கீழே.
ஓரத்தில் ஒரு செங்கல்,
ஒரு காலை அதில் வைத்தால்
இடுப்பு கொஞ்சம் மூச்சு விடுகிறது.
கை நீட்டி எடுக்கிற கட்டிங் பிளேயர்
இப்போது வயிற்றுக்குப் பக்கத்தில்.

தரையில் ரோட்டரை இறக்காதே என்றால்
லோடு பையன்கள் சிரித்தார்கள்.
ஓடாத இட்லி வண்டி ஒன்றை வாசலில் நிறுத்தினேன்.
இப்போது கேட்காமலே அதன் மேல் வைக்கிறார்கள்.
குனிய அவர்களுக்கும் பிடிக்காதாம்,
யாரும் கேட்டதில்லையாம்.

மதியத்துக்கு மேல் வரும் பர்வீன்
என் காதுக்கு வரமாட்டாள்.
மாடிக்கு எட்டவில்லை என்று முனகினாள்.
நிற்க ஒரு பலகை போட்டோம்.
தனக்கென்று கம்பி வெட்டிக்கொண்டாள்.
ஆணியில் இரண்டு கம்பி தொங்குகிறது,
முடிச்சுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல்.
'இன்னாக்கா இது, மந்திரிச்சதா?' என்று
பில் கட்ட வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

இத்தனையும் செய்தும்
வேலை ருசியில் மெதுவாகக் குனிந்துவிடுவேன்.
டாக்டரம்மா சொன்ன அரைமணிக்கொருதரம்
எனக்கு நினைவில் நிற்காது.
அதனால் கேட் மூடும் மணியோடு ஒப்பந்தம்.
அடித்தால் போட்டதைப் போட்டபடி
இரண்டு பேரும் வாசலுக்கு வருவோம்,
இடுப்பில் கை கொடுத்துப் பின்னால் வளைந்து.
மின்சார ரயில் என்றால் எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.
கூட்ஸ் வந்தால் யோகம்.
பைக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள்,
பர்வீன் விரல் விட்டு எண்ணுவாள்.

இன்று நாற்பத்திரண்டு பெட்டி.
இன்னும் ஒரு பத்து
இருந்திருக்கலாம்.